வறண்ட வாய்

எங்கள் இளைய மகனுக்கு ஏழு வயது. மூன்றாம் வயதிலிருந்தே இளைப்பு நோய். திருவரங்கத்து வீட்டில் அவன் மூச்சின் ஒலிக்குச் செவிகொடுத்து, செபமாலையும் கையுமாக விழித்திருந்த இரவுகள் பல. மூச்சையே கவனித்த நாங்கள், அவன் வாயைத் திறந்து பார்க்கத் தவறினோம்.

சென்ற கோடையில் ஒருநாள் கன்னம் வீங்கி, உணவை மறுத்து அழுதான். காவிரியைக் கடந்து, திருச்சியில் பல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். கடைவாய்ப் பால்பற்களில் நான்கு சொத்தை. ஒன்றில் சீழ் கட்டியிருந்தது. "மிட்டாயே வாங்கித் தருவதில்லையே, டாக்டர்!" என்றோம். "என்ன மருந்து, எப்போது தருகிறீர்கள்?" என்று அவர் அமைதியாக வினவினார்.

உமிழ்நீரின் அருமையை அன்றுதான் அறிந்தோம். அது உணவுத் துணுக்குகளைக் கழுவுகிறது. பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணிக்கிறது. பல் இழந்த சுண்ணச் சத்தை மீண்டும் அளிக்கிறது. உறக்கத்தில் அதன் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். நாங்களோ சர்க்கரை கலந்த சிரப்பை அவன் பல் துலக்கிப் படுத்த பிறகே ஊட்டி வந்தோம். வாயால் மூச்சு விடுவதாலும், இன்ஹேலர் மருந்துகள் சிலவற்றாலும் வாய் மேலும் உலர்ந்தது. "நீரற்ற காவிரியில் குப்பை தேங்குவது போலத்தான்" என்றார் மருத்துவர். இல்லாள் கண் கலங்கினாள்.

வேறு நெடுநோய்களிலும் இவ்வாறே வாய் மாறுகிறது. கட்டுப்படாத நீரிழிவில் வாய் வறண்டு, ஈறு நலியும். சிறுநீரகம் பழுதுற்றால் உமிழ்நீரில் யூரியா மிகும். சொத்தை குறைந்தாலும் பற்காரை படியும். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு வாய்ப்புண் வழியே கிருமி இரத்தத்தில் கலக்கலாம்.

பெற்றோரே, இதற்கு அஞ்சி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரையற்ற மருந்து உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள். இரவு மருந்துக்குப் பின் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கிவிடுங்கள். இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். நாவில் வெண்படலம் படியாமலும் அது காக்கும். அடிக்கடி நீர் கொடுங்கள். சிறுநீரக நோயாளிக்கு மட்டும் மருத்துவர் குறித்த அளவே.

திக்கிப் பேசிய செவிடனை நம் ஆண்டவர் உமிழ்நீர் கொண்டு நாவைத் தொட்டுக் குணமாக்கியதை மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அந்நீரை ஒரு கொடையாக எண்ணியதில்லை. இன்று குடும்ப செபம் முடிந்ததும் மகன் தானாகவே விளக்கருகே வந்து வாயைத் திறக்கிறான். பிடுங்கிய பல்லின் வெற்றிடம் தெரிகிறது. மற்ற மூன்றும் அடைக்கப்பட்டு நிலைத்திருக்கின்றன. இறைவனுக்கு நன்றி கூறி விளக்கை அணைக்கிறோம்.