பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த தேதியும்

பணிப்பதிவேடு எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒருவர் பிறந்த தேதி வேறு, பணியில் சேர்ந்த தேதி வேறு. ஓய்வு பெறும் நாளைக் கணக்கிட முதல் தேதிதான் வேண்டும். இரண்டையும் குழப்பினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். கார்களுக்கும் இதே விதி உண்டு என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் அக்கா மகனிடம் ஒரு ஸ்விஃப்ட் கார் இருக்கிறது. மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மாதம் ஒருமுறையாவது வேலூர் போய்வருவான். வேட்டவலம் சாலையில் ஒரு நாள் மாடு குறுக்கே வர, வண்டியைப் புளியமரத்தில் விட்டான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டியின் முன்பக்கம் நசுங்கிவிட்டது. ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டமும், ஏப்ரன் என்று சொல்கிறார்களே, முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் உள்தகடு, அதுவும் மாற்ற வேண்டும் என்றார் டிங்கர். புதுசுக்கு விலை கேட்டவன் மலைத்துப் போனான். புதுப்பேட்டையில் பழசு வாங்கிவிடலாம், துணைக்கு வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டான்.

எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் ஓரமாக இருக்கும் புதுப்பேட்டையை நம்மில் பலர் பார்த்திருப்போம். வண்டிகளைப் பிரித்து, கதவு தனி, பானெட் தனி, எஞ்சின் தனி என்று தெருவெல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இப்படி வண்டி உடைக்கும் இடத்துக்குப் பிரெஞ்சில் 'காஸ்' என்று பெயர், உடைப்பு என்று பொருள். நம் காதுக்கு அது 'காசு' என்று கேட்கும். அதுவும் பொருத்தம்தான்.

கிளம்பும் முன் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பதிவு செய்த தேதி 2011 அக்டோபர். தயாரித்த மாதம் 2011 மே.

"2011 ஸ்விஃப்ட்னு சொல்லிக் கேட்டா போதும் மாமா" என்றான்.

"போதாதுப்பா. எந்த 2011?" என்றேன்.

விஷயம் இதுதான். ஸ்விஃப்ட் நம் நாட்டில் 2005-இல் வந்தது. 2011 ஆகஸ்டில் உடலமைப்பை மாற்றிப் புது மாடல் விட்டார்கள். பிறகு 2018-இல் ஒருமுறை, 2024-இல் ஒருமுறை. பெயர் மட்டும் மாறவில்லை. அவன் வண்டி அக்டோபரில் பதிவானாலும் மே மாதத்தில் பிறந்தது, அதாவது பழைய மாடல். தள்ளுபடியில் கிடைத்த கையிருப்பு வண்டி.

இது புதுக்கதையும் அல்ல. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ஐ நினைத்துப் பாருங்கள். 1986-லேயே உடலை மாற்றிவிட்டார்கள். பெயர் அதே 800. முதல் வண்டியின் தகடு அடுத்ததில் உட்காராது.

புதுப்பேட்டையில் முதல் கடைக்காரர் பளபளவென்று ஒரு ஏப்ரனை எடுத்து வைத்தார். ஆர்.சி. நகலைக் காட்டியதும் அவரே, "ஐயா, இது உங்க வண்டிக்கு ஆகாது. இது புது பாடி" என்று உள்ளே எடுத்துப் போய்விட்டார். நல்ல மனிதர். கேட்காமல் இருந்திருந்தால் அவர் தப்பு அல்ல, நம் தப்பு.

இன்னொரு கடையில் சரியான மாடல் கிடைத்தது. ஊரிலிருந்து டிங்கர் செல்பேசியில் சொல்லச் சொல்லப் பார்த்தோம். கழற்றிய பழைய சட்டத்தைக் கையோடு கொண்டு போனதால், போல்ட் ஓட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட முடிந்தது. மூலைக்கு மூலை டேப் வைத்து இரண்டு குறுக்களவும் எடுத்தோம். வண்டியில் இருந்தபோது சமமாக இருந்த இரண்டு அளவு இப்போது வித்தியாசப்பட்டால், அந்தச் சட்டம் ஏற்கெனவே அடிபட்டது என்று அர்த்தம். காந்தம் வைத்துப் பார்த்தோம். பட்டி பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் துரு தெரிந்துவிடும்.

குறுக்குச் சட்டம் எல்லாத் தேர்விலும் தேறியது. அது போல்ட் போட்டு மாட்டுவது, அதனால் வாங்கினோம். ஏப்ரன் விஷயத்தில்தான் டிங்கர் முடியாது என்றார். ஜீப்புக்கு இருப்பதுபோல் இந்த வண்டிகளுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளே எலும்பு. முன்சக்கர ஷாக் அப்சார்பரின் மேல்நுனி ஏப்ரனில்தான் பொருந்துகிறது. உடைப்பவர்கள் கேஸ் வைத்து அறுக்கும்போது அந்தச் சூட்டில் வலுவான இரும்பும் பலம் இழந்துவிடும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த விபத்தில்தான் தெரியும். "கதவு, பானெட், டிக்கி மூடி பழசு வாங்குங்க. வெல்டிங் வைக்கிற எலும்பு மட்டும் புதுசு வாங்குங்க சார்" என்றார். மருமகன் முனகினான். பின்சீட்டில் உட்காரப் போகிறவர்கள் யார் என்று மட்டும் கேட்டேன். புது ஏப்ரனுக்கு முன்பணம் கட்டிவிட்டான்.

பிரான்ஸில் உறவினர் இருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் ஒரு சொல். தொண்ணூறுகளில் மும்பை பக்கம் கல்யாணில் பியூஜோ 309 தயாரித்தார்கள், சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. அதை வைத்திருந்த என் பள்ளித் தோழர் முன்தடுப்புத் தகட்டை அங்கிருந்தே வரவழைக்க நினைத்தார். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். ஸ்டீயரிங் தண்டுக்கும் பெடல்களுக்கும் உள்ள ஓட்டைகள் எல்லாம் மறுபக்கம் இருக்கும். நல்லவேளை, கடிதத்திலேயே தெளிவாகிவிட்டது.

கடைசியாக ஒரு குமாஸ்தாவின் குறிப்பு. சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகள். இங்கே தயாராகும் மாருதி கார்களில் பலவற்றுக்கு அது 'எம்.ஏ.3' என்று தொடங்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது, ஒன்றையும் பூஜ்யத்தையும் பார்த்துக் குழம்பக் கூடாது என்பதற்காக. இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டு, அதன் தயாரிப்பு மாதத்தையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டை மட்டும் யார், என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது இன்னொரு வண்டியின் பெயர். நம் வண்டியில் அதை ஒட்டினால் பதில் சொல்ல வேண்டிய இடம் பட்டறை அல்ல, காவல் நிலையம்.