ரஜூலாவில் வந்த பெட்டி

திருப்பனந்தாள் என்றதும் வெளியூர்க்காரர்கள் காசி மடத்தைச் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தாடகையீச்சரம், குங்கிலியக்கலயர் என்று தொடங்குவார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் இன்னொரு அடையாளம் இருந்தது: பாட்டுப்பெட்டி வீடு. அது பெரியப்பா வீடு. தபால்காரர்கூடக் கதவு எண்ணைப் பார்த்து வந்ததாக நினைவில்லை.

பெட்டி என்றால் கையில் தூக்குகிற பெட்டி அல்ல. நாலடி நீளம், இடுப்பு உயரம், கீழே குச்சிக் கால்கள். ஒரு பக்கம் மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும், மறுபக்கம் ரேடியோ. இரண்டு ஓரங்களிலும் துணி மறைத்த ஸ்பீக்கர்கள். ஸ்டீரியோ ரேடியோகிராம். ஜெர்மனியில் செய்து சிங்கப்பூரில் வாங்கியது. பெரியம்மாவின் அண்ணன் அங்கே ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து, ரயிலில் ஆடுதுறை வரைக்கும் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதன் மேல் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அறுபதுகளின் பின்பாதி அது. ஆடுதுறை 27 நெல் வந்து குறுவையில் கண்டுமுதல் ஏறியிருந்த நேரம். சுங்கத் தீர்வைக்கு ஒரு போகத்து நெல்லே போய்விட்டது என்று பெரியம்மா கடைசிவரை சொல்லிக்காட்டுவார். பெரியப்பா மறுத்ததில்லை.

எனக்கு அந்தப் பெட்டியில் பிடித்தது பாட்டு அல்ல, ஊர்ப்பெயர்கள். ரேடியோவின் கண்ணாடியில் ஹில்வர்ஸம், லக்ஸம்பர்க், பெரோமியூன்ஸ்டர் என்று அச்சடித்திருக்கும். ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்கப் பழகியது அதில்தான். ஹில்வர்ஸம் நெதர்லாந்தில் இருக்கிறது என்பது கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. பெரியப்பாவின் முள் அந்த ஊர்களையெல்லாம் தாண்டிக்கொண்டு திருச்சிக்கும் இலங்கைக்குமே போகும். முள் சரியாக நிலையத்தில் நின்றதும் மந்திரக்கண் வால்வில் இரண்டு பச்சைக் கோடுகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனம் பேசும்போது அந்தக் கோடு துடிப்பதைப் பார்த்து, அவருடைய நாக்கு அதுதான் என்று என் தங்கையிடம் சொல்லி நம்பவைத்திருந்தேன். இதையெல்லாம் கேட்பதற்கு வருஷாவருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டிவர வேண்டும். அந்த ஏற்பாடு எண்பதுகளின் நடுவில்தான் ஒழிந்தது.

இசைத்தட்டு என்றால் பெரியப்பாவுக்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி. திருவாவடுதுறை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. சுவாமி புறப்பாட்டில் அவர் தோடியை மணிக்கணக்கில் வாசித்துக் கேட்டவர்கள் அப்போது ஊரில் நிறைய பேர் இருந்தார்கள். அவர் 1956இல் காலமானார். தட்டில் இருந்த தோடியோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம். அவ்வளவு பெரிய மனிதரை அரக்குத் தட்டுக்குள் மடித்து வைத்ததில் பெரியப்பாவுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் போடுவார். இத்தனைக்கும் அந்த 78 தட்டு ஸ்டீரியோவே அல்ல. ஸ்டீரியோ தட்டுகள் உலகத்தில் விற்பனைக்கு வந்ததே 1958இல்தான். சிங்கப்பூரிலிருந்து பெட்டியோடு வந்த வெள்ளைக்காரன் பேண்டுத் தட்டு ஒன்று மட்டுமே இடது வலது பிரித்துப் பாடியது. அதில் இடது பக்கம் முரசும் வலது பக்கம் குழலும் வரும்.

அந்த இடது வலது வித்தியாசமும் கூடத்தில் உட்கார இடம் இருந்தவர்களுக்குத்தான். திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கேட்கும். கூலி வாங்க வந்தவர்கள் கொல்லைப்புறக் கிணற்றடியில் நிற்பார்கள்; அவர்களுக்கு இரண்டும் குழம்பி மங்கலாகப் போய்ச் சேரும். அப்போது யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. நானும்தான்.

பெட்டிக்குச் சீக்கு வரத் தொடங்கியது எழுபதுகளில். அதற்கு வந்த எந்த நோயும் ஜெர்மனியில் வந்திருக்காது என்பது என் முடிவு. முதல் நோய் லோ வோல்டேஜ். சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடுகிற நேரத்தில் மந்திரக்கண் மங்கும், மோட்டார் தளரும், தோடியின் சுருதி இறங்கும். பெரியப்பா ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அதன் டக் டக் சத்தம் பாட்டோடு சேர்ந்துகொண்டது. அடுத்தது எலி. அறுவடை முடிந்து வீட்டுக்குள் நெல் வந்ததும் எலியும் வரும். பெட்டிக்குள் வால்வுச் சூடு இருந்ததால் குளிர் மாதங்களில் அதற்கு அது அரண்மனை.

மூன்றாவது 77 புயல். நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்தில் கரையேறி டெல்டாவையே புரட்டிப் போட்டது. எங்கள் கூடத்தில் ஓடுகள் பறந்து மழை உள்ளே இறங்கியது. நாங்கள் பெட்டியின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். வெளியே ஈரம் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரேடியோ பாடியது, தட்டு பாடவில்லை. ஊசியை வைத்தால் கொசு முனகுகிற அளவுக்கு ஒரு சத்தம். கொஞ்ச நாளில் ரேடியோவும் உறுமத் தொடங்கியது. கேசட் வந்துவிட்டது. பெட்டி மேஜையானது; அதன் மேல் டிவி ஏறியது.

அதைத் திரும்பத் திறந்தது இப்போதுதான். சென்னையிலிருந்து வந்த பெரியப்பா மகன், "உள்ளே இருக்கிறதையெல்லாம் பிடுங்கிவிட்டு ப்ளூடூத் போட்டுடலாம்ணே" என்றான். நான் கும்பகோணத்திலிருந்து ஒரு ரேடியோக்காரரை அழைத்துவந்தேன். அறுபதைத் தாண்டியவர். வால்வு செட்டைத் தொட்டு வருஷங்களாகிறது என்றார். ஆனால் கை மறக்கவில்லை.

பின்பலகையைக் கழற்றியதும் கொட்டியது பதரும் வைக்கோலும். ஸ்பீக்கர் துணியைக் கிழித்து எலி உள்ளே கூடு கட்டியிருந்தது. அதை அள்ளிப் போட்டுவிட்டு, ப்ளக்கைச் சுவரில் சொருகப் போன என் கையைத் தடுத்தார். "நேராக் கரண்ட் குடுத்தா மெயின் கண்டன்சர் வெடிக்கும் தம்பி. வருஷக்கணக்குல தூங்கினதை ஒதைச்சு எழுப்பப்படாது." பையிலிருந்து சீரிஸ் போர்டை எடுத்தார். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டியோடு தொடராக இணைத்துக் கரண்ட் கொடுக்கிற பலகை அது. பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட்; பளிச்சென்று எரிந்து மங்கினால் பிழைத்தது. மங்கியது. ஆனால் ஒரு பக்கத்து அவுட்புட் வால்வின் தகடு செக்கச் சிவந்தது. முந்தின கட்டத்துக் காகிதக் கண்டன்சர் கசிந்து, மின்சாரம் வால்வின் கிரிடுக்குப் போகிறது என்றார். வாங்கி வந்திருந்த புதுக் கண்டன்சர்களை வரிசையாக மாற்றினார். உறுமல் நின்றது. சோர்ந்துபோன வால்வுக்குப் பதில் சென்னை ரிச்சி தெருவில் ரஷ்யத் தயாரிப்பு கிடைத்தது.

தட்டு மேடைதான் நேரம் பிடித்தது. அதன் கிரீஸ் காய்ந்த பலாப்பிசின் போல இறுகி, ஊசியைத் தாங்கும் கை தானாகத் திரும்பும் இயந்திரத்தைக் கட்டிப்போட்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டார். மோட்டாருக்கும் மேடைக்கும் நடுவே சுழலும் ரப்பர் சக்கரம் கெட்டித்துப் போயிருந்தது. உப்புத்தாள் பிடித்து மேல் தோலைச் சீவினார். நான் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குக் கடைசியில் பதில் கிடைத்தது: அந்தப் புயலில் ஏன் தட்டு மட்டும் ஊமையானது? ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பழைய படிகங்கள் ரோஷல் உப்பால் செய்தவை. உப்புக்கு ஈரம் ஆகாது. மழை உள்ளே நுழைய வேண்டியதில்லை, காற்றின் பிசுபிசுப்பே போதும். காவிரிக் கரையில் அது பத்து வருஷம் பாடியதே பெரிது. பதிலுக்குச் செராமிக் கார்ட்ரிட்ஜ் மாட்டினார். அதில் இரண்டு ஊசிகள். 78க்கு முனை தடித்தது, எல்.பி.க்கு மெல்லியது, மாற்றிப் போட்டால் தட்டின் பள்ளம் பாழாகும்.

கை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இறங்கியது. "கலயனார் சாய்ஞ்ச லிங்கத்தையே நிமித்தின ஊரு. இது நிமிராதா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு திருகை அரைச் சுற்று திருப்பினார்.

வேகம் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு 180 கோடுகள் போட்ட அட்டை வட்டம் ஒன்று உண்டு. நம் மின்சாரம் 50 சைக்கிள். டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுங்கும். அந்த வெளிச்சத்தில் 33⅓ வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றபடி தெரியும். அட்டையைப் போட்டோம், கோடுகள் தெரியவே இல்லை. வீடு முழுக்க எல்.இ.டி. மாட்டியிருந்தான் தம்பி, அவை அப்படி மினுங்குவதில்லை. கடைசியில் மாட்டுக்கொட்டகையில் சோக் வைத்த பழைய டியூப்லைட் ஒன்று அகப்பட்டது. அதைக் கழற்றிக் கூடத்தில் கட்டிய பிறகுதான் கோடுகள் நின்றன.

பேண்டுத் தட்டைப் போட்டேன். ரேடியோக்காரர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நின்று முரசையும் குழலையும் சரிபார்த்தார். பிறகு, "சவுண்டு கூட்டுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்து கருவிகளைப் பையில் அடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "எங்கப்பா இங்கதான் நடவுக்கு வந்துக்கிட்டு இருந்தாரு. கெணத்தடியில நின்னு கேட்டதச் சொல்லுவாரு. அங்க எப்படிக் கேக்குதுன்னு பார்த்தேன். நல்லா இல்ல."

கூலி எவ்வளவு என்றேன். கேட்டதைவிட அதிகம் கொடுக்கப் பார்த்தேன். எண்ணிப் பார்த்து மிச்சத்தைத் திருப்பிவிட்டார்.

தம்பி இன்னும் ப்ளூடூத்தை விடவில்லை. அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மீடியம் வேவில் முள்ளை எங்கே திருப்பினாலும் இப்போது எல்.இ.டி., சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். கரண்ட் போனால் இரைச்சல் நிற்கும். ஆனால் பெட்டியும் நின்றுவிடுகிறதே என்கிறான்.