வைரம் எங்கே இருக்கிறது?

எங்கள் அப்பா தமிழாசிரியர். காவிரிப் படுகையில் இரண்டு ஏக்கர் நன்செயும் அவருக்கு இருந்தது. வகுப்பறையையும் வயலையும் அவர் தனித்தனியாக வைத்துக்கொண்டதில்லை. ஒருநாள் வாய்க்கால் கரைத் தென்னையைக் காட்டி, "தொல்காப்பியக் கணக்கில் இது புல்" என்றார். வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், நடுவில் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் மரபியல் வகுப்பதை விளக்கினார்.

உடன்பிறந்த நாங்கள் மூவரும் அறிவியல் படித்துக்கொண்டிருந்த காலம் அது. தென்னையின் குடும்பம் வேறு, புல்லின் குடும்பம் வேறு என்று பாடப்புத்தகத்தைக் காட்டிச் சிரித்தோம். அவர் வாதாடவில்லை. பேனாக்கத்தியை நீட்டி, "அறுத்துத்தான் பாருங்களேன்" என்றார். நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் மறைந்தபின் வீட்டை ஒழித்தபோது அந்தக் கத்தி மேசை இழுப்பறையில் கிடைத்தது. துருவைத் தேய்த்துவிட்டு வயலுக்குப் போனோம். முதலில் நெல்லின் தாளை அறுத்தோம். கணுக்களுக்கு இடையே குழல். கணுவில் மட்டும் உள்ளே ஒரு தடுப்பு. வேலியோர மூங்கிலிலும் அதே அமைப்பு, அளவுதான் பெரிது. ஆனால் கரும்பில் குழல் இல்லை, சாறு நிறைந்த சதை. கொல்லையில் நின்ற மக்காச்சோளத் தட்டையிலும் வெண்ணிற நெட்டிபோல உள்ளீடு நிறைந்திருந்தது. வாய்க்காலில் புல்லென்று நினைத்துப் பறித்த கோரை முப்பட்டையாக இருந்தது. அதன் தண்டில் கணுவே இல்லை. அது புல்லினத்தின் உறவுக் குடும்பம், புல் அன்று.

குழலானாலும் நிறைவானாலும் ஒன்று பொதுவாக இருந்தது. கத்தி தடுமாறியதெல்லாம் வெளிவிளிம்பில்தான். மரத்தைப்போல ஆண்டுதோறும் உள்ளே வளையம் சேர்த்துப் பருக்கும் அடுக்கு இவற்றுக்கு இல்லை. நாரும் சாறுகடத்தும் கற்றைகளும் விளிம்பை ஒட்டி நெருங்கியும் நடுவில் விலகியும் நிற்கின்றன. தென்னையும் இவ்வகையில் இவற்றுக்கு உறவே. அப்பா குடும்பப் பெயரைச் சொல்லவில்லை, கட்டுமானத்தைச் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

குழலாக இருப்பதைக் குறை என்றும் சொல்வதற்கில்லை. ஒரே அளவு பொருளை உருட்டுக் கம்பியாக வார்ப்பதைவிடக் குழாயாக வார்த்தால் வளைவை அதிகம் தாங்கும். குழாய் நசுங்கிவிடும் அபாயத்தைக் கணுக்களின் தடுப்புகள் காக்கின்றன.

ஆயினும் எல்லை உண்டு. ஓர் ஐப்பசி மழையில் எங்கள் நெல் முழுதும் படுத்துவிட்டது. நாங்கள் அழும் நிலையில் இருந்தோம். அப்பா மட்டும் குனிந்து ஒரு தாளைத் தொட்டுப் பார்த்து, "இளம்பயிர், கணுவில் எழுந்துவிடும்" என்றார். சில நாட்களில் நுனிகள் முழங்கை மடக்கியதுபோல நிமிர்ந்தன. சாய்ந்த தாளின் கணுவருகே கீழ்ப்பக்கம் அதிகமாக நீண்டு மேல்பகுதியைத் தூக்குகிறது என்பதைப் பின்னாளில் படித்தோம். கதிர் முற்றியபின் சாய்ந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

இந்தச் சாய்வுக்கு அஞ்சித்தான் குட்டை ரகங்கள் வந்தன. 1966இல் வெளியான ஐ.ஆர்.8 உரத்தை உண்டு கனத்த கதிரையும் குட்டைத் தாளில் சுமந்தது. வைக்கோலின் நீளம் குறைந்தது. மாட்டுக்கு என்ன போடுவது என்று எங்கள் வீட்டிலும் நெடுநாள் பேச்சிருந்தது. அப்பா ஒரு பாத்தியில் மட்டும் பழைய நெட்டை நெல்லைக் கடைசிவரை விடாமல் நட்டார். அதையும் நாங்கள் பிடிவாதம் என்றே சொல்லியிருந்தோம்.

அறுத்த துண்டுகளை வரப்பில் வரிசையாக வைத்தோம். எங்கள் குழந்தைகள் வந்து எட்டிப்பார்த்தார்கள். எதையும் விளக்காமல் கத்தியை அவர்களிடம் கொடுத்தோம்.