முகம் திருப்பிய காலம்

இத்தாலிய மொழிப் பட்டயப் படிப்பின் வாய்மொழித் தேர்வில், உங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்துக்காரனுக்கு வேறு எந்தக் கதை வாயில் வரும்? போருக்குப் புறப்படும் முன் தேசிங்குராஜன் குகைக்கோயில் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான். பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்ட பெருமாள், போகாதே என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேளாமல் போனவன் 1714இல் களத்தில் விழுந்தான். இவ்வளவையும் ஓரளவு சொல்லிவிட்டேன். ‘திருப்பிக்கொண்டார்’ என்ற ஒரு வினையில் மட்டும் நாக்கு நின்றுவிட்டது.

இத்தாலிய மொழியில் இறந்தகாலம் ஒன்றல்ல. முடிந்து, நம்மைவிட்டு விலகிப்போனதற்குப் ‘பாஸ்ஸாத்தோ ரெமோத்தோ’. நடந்து முடிந்தாலும் அதன் விளைவு இன்றும் நம்மைத் தொடுமானால் ‘பாஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ’. ஆண்டைச் சொல்லிவிட்டேனே என்று ரெமோத்தோவில் ‘வொல்த்தோ’ என்றேன். பிழையில்லை. ஆனாலும் எதையோ விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் இருந்தது.

அந்த மொழியை நான் ஆங்கிலப் பாடநூல் வழியாகத்தான் தொடங்கினேன். முதல் ஆறு மாதம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ‘இயோ’ என்று ‘நான்’ போட்டுப் பேசினேன். தேவையே இல்லை. ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன், ‘பார்லி’ என்றால் பேசுகிறாய், ‘பார்லியாமோ’ என்றால் பேசுகிறோம். யார் என்பதை வினையின் வாலே சொல்லிவிடுகிறது, நம் வினைமுற்றைப் போல. வீட்டுத் திண்ணையிலேயே இருந்த பொருளைத் தேடி ஊரைச் சுற்றி வந்திருக்கிறேன்.

அதன் பிறகு பயிற்சியை முழுக்கத் தமிழ்க் காதுக்கு மாற்றினேன். விடுமுறையில் ஊருக்கு வந்தால் விடியற்காலையில் திருநாதர்குன்றுக்குப் போவேன். 24 தீர்த்தங்கரர்களைப் புடைப்பாகச் செதுக்கிய பாறை அது. 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. அதன் அருகே உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டு உரக்கச் சொல்வேன். இரட்டித்த மெய்கள் எனக்கு எளிதாக வந்தன. ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ‘பாலா’ மண்வாரி, ‘பல்லா’ பந்து. கலைக்கும் கல்லுக்கும் வேறுபாடு கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் என்ன சிரமம்?

சிரமம் வல்லினத்தில் இருந்தது. ‘ஃபாத்தோ’ என்றால் விதி. அதே சொல்லில் தகரத்தை அழுத்தி நிறுத்தினால் ‘செய்து முடித்தது’. தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் மெலிந்துவிடும். வல்லென்று ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்கத்தான் வேண்டும். அதனால் என் குறிப்பேட்டில் இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் கிடந்தன. இரட்டைக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுப் பழகினேன். கோடில்லாமலே காது பிரித்துக் கேட்க ஓராண்டு ஆயிற்று.

இதே பாதையில் எதிரே நடந்து வந்தவர் வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்தீவியேரே என்ற ஊரில் பிறந்த பெஸ்கி அவர். 1710இல் இந்தியா வந்தவர், 1732இல் சதுரகராதியைத் தந்தார். என்னை அதிகம் ஈர்ப்பது அவர் போட்ட ஒரு சுழி. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது தொல்காப்பியம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று ஏடெழுதியவர்கள் அதை விட்டுவிட, எது குறில், எது நெடில் என்பதை வாசிப்பவர்தான் இடம் பார்த்துக் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. புள்ளியை விட்டு நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார் அவர். இன்று ‘கெடு’வும் ‘கேடு’ம் கண்ணுக்கே வேறாகத் தெரிவது அதனால்தான்.

அவருடைய தாய்மொழியிலும் இப்படி எழுத்தில் வராத எகரம் உண்டு. ‘பெஸ்கா’வில் வாயைத் திறந்து எகரம் சொன்னால் பீச் பழம், ஒடுக்கிச் சொன்னால் மீன்பிடிப்பு. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. எழுதப்படாததைக் கேட்கும் பழக்கம் அங்கிருந்தே அவரோடு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் காதை எண்ணிக் கும்பிடத் தோன்றும்.

பண்பாட்டுப் பாடத்தில் சிசிலியப் பொம்மலாட்டம் வந்தது. உலோகக் கவசம் பூட்டிய பெரிய பொம்மைகள், ஒர்லாந்தோ என்ற வீரனின் கதை. அவனும் நண்பன் ஒலிவியேரோவும் ரொன்சிஸ்வாலேயில் சேர்ந்தே மடிகிறார்கள். எனக்குத் தேசிங்கும், கல்யாணத்தை விட்டுவிட்டு அவனோடு போருக்கு ஓடிவந்த நண்பன் மோவுத்துக்காரனும்தான் தெரிந்தார்கள். அந்தப் பாடத்துக்கு எனக்கு அகராதியே தேவைப்படவில்லை.

தேர்வு முடிந்து ஊருக்கு வந்ததும் ஆயாவிடம் அதே கதையைச் சொல்லச் சொன்னேன். நூறு முறை கேட்ட கதைதான். அன்று வினைகளை மட்டும் கேட்டேன். ராஜா போனான், வெட்டினான், செத்தான் என்று வேகமாக முடித்தது ஆயா. சாமியைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

“மொகத்தத் திருப்பிக்கினு இருக்காரு பாரு.”

இப்போது அந்தக் கதையை இத்தாலிய மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேசிங்கின் வினைகள் எல்லாம் ரெமோத்தோவில் இருக்கின்றன: புறப்பட்டான், பாய்ந்தான், விழுந்தான். பெருமாளுக்கு மட்டும் ‘வொல்த்தோ’வை அடித்துவிட்டு, ப்ரோஸ்ஸிமோவில் ‘ஆ வொல்த்தாத்தோ’ என்று எழுதியிருக்கிறேன்.