சாரணியும் அனுசாரணியும்

தம்புராவின் நடுத்தந்திகள் இரண்டுக்கும் ஒரே ஸ்வரம், ஷட்ஜம். சாரணி, அனுசாரணி என்று பேர்தான் வேறு. ஒரே ஸ்வரத்துக்கு எதற்கு இரண்டு தந்தி? நாதம் அறுபடாமல் ஓட என்பார்கள். அது சரிதான். ஆனால் ஒன்றை ஒன்று சோதிக்கவும்தான் அவை பக்கத்தில் நிற்கின்றன என்பது என் எண்ணம்.

பாறசாலையில் எனக்குப் பாட்டுச் சொல்லித்தந்த டீச்சர் சுருதி சேர்க்கவே வகுப்பில் பாதி நேரம் எடுப்பார். சாரணியை மீட்டுவார், அது அடங்குமுன் அனுசாரணியை. சேர்ந்த ஒலி பெருகும், மெலியும், மறுபடி பெருகும். "அலையுது, கேக்குதா?" என்பார். தந்தியில் கோத்த மணியை விரல்நுனியால் ஒரு துளி நகர்த்துவார். அலைவு நிதானப்படும். இன்னும் ஒரு துளி. ஒரு பெருக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிதானமாக மூச்சிழுத்து விடலாம் என்றாகும். பிறகு அலைவே இராது. "சேந்தாச்சு. இனி பாடு மக்களே."

பள்ளிப் பாடத்தில் இதை விம்மல் என்பார்கள். ஒரு தந்தி நொடிக்கு 200 தடவையும் மற்றது 202 தடவையும் அதிர்ந்தால், இரண்டின் அலைகளும் ஒரே காற்றில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. முகடோடு முகடு சேர்ந்தால் ஒலி பெருகும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் தேயும். வித்தியாசம் 2, விம்மலும் நொடிக்கு 2. வித்தியாசம் 0.1 ஆனால் 10 நொடிக்கு ஒன்று. தனித்தனியே கேட்டால் எந்தக் காதுக்கும் எட்டாத பேதத்தை இரண்டு தந்திகளும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

சி. வி. ராமனையும் தம்புரா விடவில்லை. தந்தியை ஓர் இடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாமல் நிற்கவேண்டிய மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் எழுகின்றன என்று 1921-ல் அவர் எழுதினார். தந்திகளைத் தாங்கும் வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கடியில் செருகும் ஜீவா நூலும் செய்யும் வேலை அது.

இன்று பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. சுருதி துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலகியிருந்த இரண்டு ஒலிகள் கொஞ்சங்கொஞ்சமாக நெருங்குவதைக் கேட்காத காது எதைக் கற்றது?

எங்கள் ஊர்ப் பேரைச் சுமந்த பாடகி பாறசாலை பொன்னம்மாள் தம்புராவோடு வளர்ந்த தலைமுறை. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகம் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போவது எங்கள் வழியாகத்தான். நெய்யாற்றின்கரையில் இரவு தங்கிப் போகும். அந்தச் சரஸ்வதி வீற்றிருக்கும் நவராத்திரி மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண்களே பாடினார்கள். அங்கே பாடிய முதல் பெண் பொன்னம்மாள், 2006-ல். அப்போது அவருக்கு வயது 81. கலைமகள் முன்னால் ஒரு பெண் பாட இத்தனை காலம் காக்கவைத்தார்களே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.