நிலவறையில் தப்பிய அட்டைகள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ரெஜைனா என்றொரு நகரம். அங்கே ஒரு வீட்டில் பல வருடங்களாக ஒரு பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. அதற்குள் 16 சிறிய பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 பக்கற்றுகள், ஒவ்வொரு பக்கற்றிலும் 14 ஹொக்கி அட்டைகளும் ஒரு துண்டு சுயிங்கமும். ஒன்ராறியோவின் லண்டன் நகரில் இயங்கிய ஓ-பீ-சீ என்ற மிட்டாய்க் கம்பனி 1979-80 விளையாட்டுப் பருவத்துக்காக அச்சிட்டவை. 2024 பெப்ரவரியில் அந்தப் பெட்டி ஏலத்தில் 3.72 மில்லியன் அமெரிக்க டொலருக்குப் போனது.

அந்தப் பருவத்தில்தான் வெய்ன் கிரெட்ஸ்கி தேசிய ஹொக்கி லீக்கில் காலடி வைத்தார். வயது 18. அவருடைய முதல் அட்டை, வரிசையில் 18ஆம் இலக்கம், அந்தத் தொகுதியில் இருக்கிறது. மொத்தம் 396 வகை அட்டைகள். பெட்டிக்குள் 10,752 அட்டைகள். கணக்குப் பார்த்தால் இருபத்தைந்துக்கு மேற்பட்ட கிரெட்ஸ்கிகள் உள்ளே இருக்கவேண்டும். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்தால் பெட்டியின் விலை போய்விடும்.

இந்தச் செய்தியைத் தொலைபேசியில் காட்டித்தான் என் அக்காவின் மகன் கேட்டான்: “மாமா, பிள்ளையின்ர படிப்புக்குச் சேர்க்கிற காசில கொஞ்சத்தை இதில போட்டால் என்ன?”

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. இருபது வருடம் கழித்து ஓர் அட்டை என்ன விலை போகும் என்பதைத் தீர அறிந்து சொல்லவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து மிசிசாகாவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் அட்டைச் சந்தைக்குப் போகத் தொடங்கினேன். விற்பவர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஓர் அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற கவனத்தை நான் நகைக்கடைகளில்கூடக் கண்டதில்லை.

அவர்களிடம் படித்த முதல் பாடம்: பழைய அட்டை விலைபோவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் யாரும் அதைப் பாதுகாக்காதது. பிள்ளைகள் அட்டையைச் சுவரோடு எறிந்து விளையாடினார்கள். சைக்கிள் கம்பிகளில் செருகிச் சத்தம் எழுப்பினார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதும் தாய்மார் அறையைக் கூட்டி அள்ளினார்கள். அமெரிக்காவில் டொப்ஸ் கம்பனி விற்காமல் தேங்கிய 1952ஆம் ஆண்டு பேஸ்போல் அட்டைகளை, அவற்றை வடிவமைத்த சை பெர்கர் 1960 அளவில் தட்டைப்படகில் ஏற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டினார். அந்தக் குவியலில் பேஸ்போல் வீரர் மிக்கி மான்ரிலின் அட்டைகளும் போயின. கடலுக்குப் போகாமல் தப்பிய மான்ரில் அட்டை ஒன்றை 1991இல் ஒருவர் 50,000 டொலருக்கு வாங்கினார். 2022 ஓகஸ்டில் அதே அட்டை 12.6 மில்லியன் டொலருக்கு விற்றது.

கிரெட்ஸ்கி அட்டை இன்னும் நுட்பமான விஷயம். அதன் ஓரம் நீல நிறம். சற்று உரசினாலும் நீலம் போய் வெள்ளை தெரியும். ஓ-பீ-சீ அச்சுத்தாள்களைக் கம்பியால் அறுத்ததால் பல அட்டைகள் ஆலையை விட்டு வரும்போதே ஓரம் சொரசொரப்பாகத்தான் வந்தன. தரம் பார்த்துப் புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தரும் பிஎஸ்ஏ என்ற நிறுவனம், இத்தனை வருடத்தில் பத்துக்குப் பத்துக் கொடுத்த ஓ-பீ-சீ கிரெட்ஸ்கிகள் இரண்டே இரண்டுதான். அந்தத் தரத்தில் ஓர் அட்டை 2016இல் 465,000 டொலர். 2020 டிசம்பரில் 1.29 மில்லியன். அடுத்த மே மாதம் 3.75 மில்லியன்.

இதை மட்டும் கேட்டால் எவருக்கும் கை துருதுருக்கும். அதனால் மருமகனை என் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போனேன்.

நாங்கள் ஸ்காபரோவில் வீடு வாங்கியபோது, விற்றுவிட்டுப் போன முதியவர் நிலவறையில் சில பெட்டிகளை விட்டுச் சென்றிருந்தார். எல்லாம் 1990-91 பருவத்து ஹொக்கி அட்டைகள். ஒரு கீறல் இல்லை, ஒரு மூலை மடியவில்லை. பேரப்பிள்ளைகளை நினைத்து வாங்கி அடுக்கியிருக்கிறார். அவரைப்போல இந்தக் கண்டம் முழுவதும் இலட்சக்கணக்கானவர்கள் அடுக்கினார்கள். எண்பதுகளின் கடைசியில் பழைய அட்டைகளின் விலை செய்தியாகத் தொடங்கியதும் கம்பனிகள் இரவுபகலாக அச்சடித்தன. அந்த ஒரே பருவத்தில் ஓ-பீ-சீ, டொப்ஸ், ஸ்கோர், புரோ செட், அப்பர் டெக் எல்லாம் ஹொக்கிக்குள் இறங்கின.

ஸ்கோர் கம்பனியின் தொகுதியில் எரிக் லின்ட்ரொஸ் என்ற பதின்வயதுப் பெடியனின் அட்டை இருந்தது. லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத அவரை அடுத்த கிரெட்ஸ்கி என்றார்கள். சனங்கள் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். லின்ட்ரொஸ் ஏமாற்றவும் இல்லை. 1995இல் லீக்கின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானார். 2016இல் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். ஆனாலும் அந்த அட்டையை இன்று சில டொலருக்கு வாங்கலாம். வீரர் வென்றார், அட்டை தோற்றது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு யாரிடம் போய் விலை கேட்பது? மருமகனுக்கு நான் சொன்னவற்றில் மிக முக்கியமானது இந்த லின்ட்ரொஸ் கதைதான்.

இப்போதைய கம்பனிகள் அந்தப் பாடத்தைத் தங்கள் வழியில் படித்திருக்கின்றன. அரிதான தன்மையை ஆலையிலேயே செய்து அனுப்புகிறார்கள். கையொப்பம், சீருடையில் வெட்டிய துணித்துண்டு, பத்தில் ஒன்று, ஒன்றே ஒன்று என்று இலக்கம் அடித்த அட்டைகள். கொனர் மக்டேவிட்டின் 2015-16 அப்பர் டெக் ‘யங் கன்ஸ்’ அட்டையை இந்தத் தலைமுறையின் கிரெட்ஸ்கி என்று விற்கிறார்கள். மக்டேவிட்டின் ஆட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அட்டை பக்கற்றிலிருந்து வந்த அதே நிமிடத்தில் உறைக்குள் போய்விடுகிறது. அதனால் நல்ல நிலையில் உள்ளவற்றின் எண்ணிக்கை இனிக் குறையப்போவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அட்டைகள் வந்து குவிந்ததில் 2021 வசந்தத்தில் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அப்போது உச்ச விலையில் வாங்கப்பட்ட புது அட்டைகள் பல பிறகு பாதிக்கும் கீழே விழுந்தன.

சந்தையில் பழைய அட்டைகளைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயது ஆண்கள். அவர்கள் வாங்குவது தங்கள் பத்து வயதை. அவர்களுக்குப் பிறகு? இந்த நகரத்தில் பிள்ளைகளில் எத்தனையோ பேர் எங்களைப்போல வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுடைய பத்து வயதில் கிரெட்ஸ்கி இல்லை. என் மருமகனுடைய பத்து வயதில் இருந்தது பொக்கிமொன். 1999இல் பள்ளிக்கூட முற்றத்தில் தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் சோமாலியப் பிள்ளையும் அந்த அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். பனிச்சறுக்குச் சப்பாத்து வாங்கக் காசில்லாத வீடுகளிலும் அது நுழைந்தது. அந்த வருடத்து முதல் பதிப்புச் சாரிசார்ட் அட்டை, பத்துப் புள்ளி பெற்றது, 2022 மார்ச்சில் 420,000 டொலருக்குப் போனது எனக்கு வியப்பே இல்லை. ஆனால் இன்றைய பொக்கிமொன் பெட்டிகளை வாங்கி அடுக்குவதை நான் தடுப்பேன். 2024 மார்ச்சோடு முடிந்த ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 1,190 கோடி அட்டைகள் அச்சிட்டிருக்கிறார்கள். என் நிலவறைப் பெட்டிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு காகித அட்டை நாற்பது வருடம் பழுதாகாமல் இருக்க ஒரு குடும்பம் நாற்பது வருடம் ஓரிடத்தில் கலையாமல் இருக்கவேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அக்கா தன் முத்திரை அல்பத்தை மேசைமேல் விட்டுவிட்டு அம்மம்மாவின் மருந்துப் பையைத் தூக்கினாள். ரெஜைனாப் பெட்டியின் கதையை அவளுக்குச் சொன்னபோது விலையை அவள் கேட்கவில்லை. “அவ்வளவு காலமும் ஒருத்தரும் அந்த வீட்டை விட்டு ஓடேல்லையோ?” என்றுதான் கேட்டாள்.

மருமகனுக்கு நான் கொடுத்த விடை இதுதான். பழைய ஹொக்கி வீரர்களில் கோர்டி ஹாவின் 1951-52 பார்க்ஹர்ஸ்ட் அட்டை, பொபி ஓரின் 1966-67 டொப்ஸ், கிரெட்ஸ்கியின் ஓ-பீ-சீ ஆகியவை நிற்கும். இனி அவை பெருகமாட்டா. மங்கிய, மூலை மழுங்கிய பிரதி என்றாலும் மெய்யானதாக இருந்தால் போதும். ஆனால் பிள்ளையின் படிப்புக் காசைத் தொடவே கூடாது. தவணைப் பணம் கட்டவேண்டிய நாளில் வாங்குபவர் ஒருவர் வந்து நிற்பார் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தரமாட்டார். புது அட்டைகளை ஆசைக்கு வாங்கலாம், கணக்குக்கு வாங்கவேண்டாம்.

அவன் கேட்டுக்கொண்டான். இலையுதிர் காலத்தில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையில் கோப்பியோடு ஹொக்கி அட்டை வரும்போது மட்டும் மகளுக்கு வாங்கிக் கொடுக்கிறான். அவளுக்கு எட்டு வயது. அவளுடைய நாயகி நட்டலி ஸ்பூனர். ஸ்காபரோவில் பிறந்தவர், பெண்களுக்கான தொழில்முறை லீக் 2024இல் தொடங்கியபோது முதல் பருவத்தில் 24 ஆட்டங்களில் 20 கோல் போட்டவர். ஸ்பூனரின் அட்டை ஒன்றை அவளுக்காகச் சந்தையில் வாங்கினோம். உறை வேண்டுமா என்று விற்றவர் கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லி ஜாக்கெட் பையில் வைத்தாள். மருமகன் இன்னொரு பிரதியை எடுத்து, “இதை உறையில போட்டு வைப்பமோ மாமா?” என்றான். அட்டை மூன்று டொலர். வாங்கு, ஆனால் அதையும் அவளிடமே கொடு, வகுப்பில் யாராவது கேட்டால் மாற்றிக்கொள்ளட்டும் என்றேன்.