காணுமுன் தீர்ப்பு

வாசிக்க: யோவான் 1:43–51



1996ஆம் ஆண்டு லண்டனின் ஆர்சனல் கால்பந்துக் கழகம், ஆர்சென் வெங்கர் என்னும் பிரெஞ்சுக்காரரைப் புதிய மேலாளராகத் தெரிந்துகொண்டது. அப்போது அவர் ஜப்பானில் நகோயா அணியை நடத்திவந்தார். புகழ்பெற்ற ஒருவரை எதிர்பார்த்திருந்த ரசிகர்கள், “யார் இவர்?” என்று வினவினர். நாளிதழ் ஒன்றின் தலைப்பும் அவ்வாறே கேட்டது. 1998இல் அவ்வணி லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒருசேர வென்றது. 2003–04 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை.

நாசரேத்து என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் நாத்தான்வேலும் ஐயுற்றார். பிலிப்பு அவரோடு தர்க்கிக்கவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். நாத்தான்வேல் தம் ஐயத்தோடேயே எழுந்து சென்றார். அவரைக் கபடற்றவர் என்று ஆண்டவர் சாட்சி பகர்ந்தார்.

எனக்கு உதவி ஊழியராக ஓர் இளைஞர் அனுப்பப்பட்டபோது, “எந்த ஊர்? யாருடைய பிள்ளை?” என்று அவர் வருமுன்னரே விசாரித்தேன். அக்கேள்விகளுக்குள் ஒளிந்திருந்தது எதுவென்று நீங்களும் அறிவீர்கள். அவருடைய ஜெபத்தை ஒருமுறையேனும் கேளாமலே அவரை அளந்துவிட்டேன். ரசிகர்களாவது ஆட்டத்தைக் காண மைதானத்திற்குச் சென்றார்கள். நானோ என் நாற்காலியில் அமர்ந்தபடியே தீர்ப்பளித்தேன். பின்பு நான் நோயுற்றிருந்த நாட்களில், என் படுக்கையருகே முழங்காற்படியிட்டவர் அவரே.

கேள்வி கேட்பது பாவமன்று. கேட்டபின் எழுந்து செல்ல மறுப்பதே பாவம். காணாமலே நாம் தீர்ப்பிட்ட ஒருவரிடம் இவ்வாரம் செல்வோமாக.

ஜெபம்: ஆண்டவரே, ஊரையும் குடும்பத்தையும் கேட்டு மனிதரை அளக்கும் எங்களை மன்னியும். ஆமென்.